புல்லின் மேல் நடக்காதீர்

காலப் பாத்து வைங்க தம்பி. அந்தச் சாக்குக்குள்ள போர்டு இருக்கு. இரும்புப் போர்டு, ஓரம் கூரா இருக்கும், பேண்ட்டக் கிழிச்சிரும். இதுக்கும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டான். போர்டு என்ன சீட்டுலயா உக்காந்திருக்கு? கேட்டா, ‘ரூல்ஸு பெரியவரே’ங்கான். எனக்கே ரூல்ஸு சொல்லுதான் பாத்துக்கிடுங்க.

நீங்க ஜன்னல் ஓரமே இருங்க. எனக்கு வேண்டாம். வழக்கமா ஜன்னலுக்குச் சண்டை போடுத ஆளுதான் நான். இன்னைக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கப்பிடாதுன்னு ஒரு முடிவோட ஏறியிருக்கேன். ஆனா பாருங்க, சவத்துக்கு, ரயில்வே கேட்ட அடச்சுட்டான். ரெண்டு வண்டி கிராஸிங்காம், இப்போதைக்குத் திறக்க மாட்டான். இம்புட்டுப் பெரிய ஊருல, ஸ்டேடியத்துப் பக்கத்துலதானா பஸ்ஸு வந்து நிக்கணும்?

கேக்குதா? கத்துதானுவ. உள்ள பந்தாட்டம் நடக்கு. இந்தக் கத்தல் ஒண்ணுக்கு உள்ள எம்புட்டுப் புல்லு சாவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு எப்பிடித் தெரியும். எனக்குத் தெரியும். அது நான் வளத்த புல்லு.

நான் யாருன்னு சொல்லலல்லா? பேரு ஆவுடையப்பன். இந்த ஊரு முனிசிபல் பூங்காவுல இருவது வருஷத்துக்கு மேல காவலும் நாந்தான், தோட்டமும் நாந்தான். பூங்கான்னா பெருசா நெனைச்சிராதிய. ஊஞ்சல் துருப்பிடிச்சுத் தொங்கும். பவுண்டன்ல தண்ணி வராது. சிமெண்டு சிங்கத்துக்கு வாய் கிடையாது. ஆனா புல்லு இருக்கே, புல்லு, அதுல ஒரு பய கால் வச்சது கிடையாது. கல்யாணமான புதுசுல எம் பெண்டாட்டி சோறு கொண்டாந்துட்டு, ‘இந்தப் புல்லுல செத்த நேரம் உக்காருவமா’ன்னு ஆசையாத்தான் கேட்டா. பெஞ்சு எதுக்குக் கெடக்குன்னு கேட்டுட்டேன். அன்னையிலேருந்து அவ பூங்காவுக்கு வாரதில்ல. எனக்கும் வேலை சுளுவாயிட்டு.

அங்க நட்டிருந்த போர்டுதான் இது. ‘புல்லின் மேல் நடக்காதீர்.’ பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளை அடிக்கனோ இல்லையோ, இந்த எழுத்துக்குப் பெயிண்டு அடிச்சிருவேன்.

செரி, கதைக்கு வாரேன். இந்த ஊரு பந்தாட்டக் கிறுக்கு பிடிச்ச ஊரு. மார்க்கெட்டுல மீன் விக்கவன்கூட ஆப்சைடு பத்திப் பேசுவான். ஆப்சைடுன்னா என்னன்னு இன்னும் எனக்குத் தெரியாது, அது வேற விசயம். இந்த ஊருக்குன்னு புதுசா ஒரு ஸ்டேடியம் கட்டுனாவ. கட்டி முடிச்சுட்டு, புல்லுக்கு ஒரு பொறுப்பான ஆளு வேணும்னு தேடியிருக்காவ. விளையாட்டு ஆபீசர் ராஜமன்னார் சார் பூங்காவ எட்டிப் பாத்திருக்காரு. புல்லப் பாத்தாரு. ‘யாருப்பா இந்த ஆளு, இவரு போதும்’னு அங்கனயே முடிவு பண்ணிட்டாரு. எம் புல்லுதான் எனக்கு சிபாரிசு. நான் வேற எவங்கிட்டயும் போயி நிக்கல.

வேலை எப்பிடி நடந்துச்சுங்கிய! செம்மண்ண இடுப்பளவு தோண்டி எடுத்தானுவ. அடியில மீன்முள்ளு மாதிரி குழாய் பதிச்சு, மேல ஜல்லி, அதுக்கு மேல ஆத்துமணல். எம்புட்டு மழை பேஞ்சாலும் தண்ணி உள்ள இறங்கி ஓடிரும். பெங்களூருலேருந்து ஒரு பையன் வந்தான், புல்லுக்குன்னே படிச்சிருக்கான். குளுகுளு லாரியில புல்லக் கொண்டாந்து இறக்கி, ‘இது பெர்முடா’ன்னான். நான் ஒண்ணக் கிள்ளி வாயில போட்டு மென்னு பாத்தேன். எய்யா, இது நம்ம பிள்ளையாருக்குப் போடுத அருகம்புல்லுலான்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, ‘அதே குடும்பம்தான் சார், இது கொஞ்சம் படிச்ச புல்லு’ன்னான். தங்கமான பையன்.

நடவுக்கு நாந்தான் ஆளு சொன்னேன். ஆத்துக்கு அக்கரையிலேருந்து நாத்து நடுத பொம்பளைக வந்தாவ. வரிசை பிடிச்சு, குலவை போட்டு, வயல்ல நடுத மாதிரியே பின்னாலயே போயிப் போயி நட்டாவ பாருங்க, எங் கண்ணு நெறஞ்சிட்டு. எதுக்குச் சொல்லுதேன்னா, அந்த மைதானத்துல முறையா நடந்தது அவிய மட்டுந்தான். நட்ட புல்ல ஒருத்திகூடத் திருப்பி மிதிக்கல. பின்னாலயே போயி அப்பிடியே வரப்புல ஏறிட்டாவ.

பெங்களூர்ப் பையன் ஊருக்குப் போறப்ப எங் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். ‘ரெண்டு மாசம் யாரையும் உள்ள விடாதிய சார். பொறவு ஆட விடுங்க. வெட்டுங்க, தண்ணி பாய்ச்சுங்க, ஆட விடுங்க, இடையில ஓய்வு குடுங்க. இது மிதிபட மிதிபடத்தான் இறுகிப் படரும்.’ படிச்ச பிள்ளை சொல்லுதுன்னு முதல் பாதிய நான் அப்பிடியே கேட்டுக்கிட்டேன். ரெண்டாவது பாதி எனக்குச் சரியாப் படல. மிதிச்சா வளருமாம்லா! அப்ப எங்க தெருவுல நடுரோட்டுல தோட்டம்லா இருக்கணும்?

கையோட பூங்காவுலேருந்து இந்தப் போர்டப் பிடுங்கிக் கொண்டாந்து கோல் போஸ்டு பின்னால நட்டேன். ராஜமன்னார் சார் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. பொறவு, ‘இருக்கட்டும், திறப்பு விழா வரைக்கும் இருக்கட்டும்’னுட்டாரு.

புல்லு வந்துச்சு பாருங்க தம்பி. வெட்டு மெஷின ஒருக்கா இப்பிடி, ஒருக்கா அப்பிடின்னு ஓட்டுனா ஒரு பட்டை வெளுப்பு, ஒரு பட்டை கறுப்புன்னு ஜமுக்காளம் விரிச்ச மாதிரி கெடக்கும். காலையில வாக்கிங் வாரவிய எல்லாம் கம்பிக்கு வெளிய நின்னு கும்பிடாத குறைதான்.

இதுல வந்து சேந்தாவ ஜெபக்கனி டீச்சர். முனிசிபல் பொம்பளப் பிள்ளைக ஸ்கூல்ல பி.டி. டீச்சர். ஒரு பந்தாட்ட டீமு வச்சிருக்காவ. ஸ்கூல்ல கிரவுண்டு கிடையாது. எங்க ஸ்டேடியத்துக்குப் பின்னால கார் நிறுத்துததுக்குன்னு சரளைக்கல்லு கொட்டுன ஒரு பொட்டல் இருக்கு, அதுலதான் பிள்ளைக ஆடும். விழுந்துச்சுன்னா முட்டித்தோலு அங்கனயே இருக்கும், பிள்ளை மட்டும் எந்திரிச்சு ஓடும். டீச்சர் வந்து, ‘அண்ணாச்சி, வாரத்துல ரெண்டு நாளு உள்ள விடுங்க’ன்னு கேட்டாவ. மரியாதையாத்தான் கேட்டாவ. நானும் மரியாதையாத்தான் சொன்னேன். வேரு பிடிக்கட்டும் டீச்சர்.

வேரு பிடிச்சிட்டு. பொறவு கோடை வந்துட்டு. அக்கினி நட்சத்திரத்துல மிதிக்கலாமா? மிதிக்கப்பிடாது. அது முடிஞ்சு சாரல் அடிச்சுச்சு. ஈரத்துல மிதிக்கலாமா? சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழை. மார்கழி பனி. தை பொறந்ததும் வாங்கன்னேன், தையில உரம் வச்சிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த டீச்சர் முகம் வாடிப் போகும், எனக்கே பாவமாத்தான் இருக்கும். அதனால ஒரு சலுகை குடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கேலரியில உக்காந்து புல்லப் பாத்துக்கிடலாம்னேன். வந்து பாத்துச்சுவ. சும்மா சொல்லப்பிடாது, ஒழுக்கமாப் பாத்துச்சுவ.

அதுல மாரிச்செல்வின்னு ஒருத்தி. கறுப்பா, ஒல்லியா, ரெட்டச்சடை போட்டுக்கிட்டு வருவா. கேலரியில உக்காந்துக்கிட்டு கண்ணாலயே மைதானத்துல ஓடுவா. ‘தாத்தா, அந்த மூலையிலேருந்து அடிச்சா பந்து வளைஞ்சு உள்ள வரும்’ங்கா. என்னத்துக்குத் தாயி வளையணும், வளைஞ்சு வந்து புல்லுலதான விழும்னேன். பொட்டலுலேருந்து சில நேரம் பந்து செவரு தாண்டி உள்ள விழும். எடுத்து ஸ்டோர் ரூம்ல பத்திரமா வச்சிருவேன். திருப்பிக் குடுத்தா அடுத்த பந்தும் வரும்லா.

இந்தா, திரும்பியும் கத்துதானுவ பாருங்க. கோலு போல. காதைப் பொத்திக்கிடலாம்னு வருது.

திறப்பு விழா வந்துச்சு. அமைச்சர் வந்தாரு தம்பி! அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். நடு மைதானத்துல மேடை. கடப்பாறையால குழி தோண்டி பந்தக்கால் நட்டு, சிவப்புக் கம்பளம் விரிச்சு, ஆயிரக்கணக்குல சேரு போட்டு, ஒரு கோல் பக்கம் பிரியாணி அண்டா இறக்கி, மறு கோல் பக்கம் ஜெனரேட்டர வச்சு... ஏன் அப்பிடிப் பாக்கிய? உங்களுக்கு மனசு வலிக்கலையான்னா? அது கவர்மெண்டு நிகழ்ச்சிலா தம்பி! அமைச்சர் செருப்புக் காலோட நடந்து வந்து, ‘மெத்தை மாதிரி இருக்கேய்யா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. எங் காது குளுந்துட்டு. அவரு கால் பட்ட இடத்துல நான் ஒரு வாரம் மெஷின் ஓட்டலயே.

அன்னைக்கு டீச்சரோட பிள்ளைகளுக்கு ஒரு மேட்சு வச்சிருந்தாவ, முதல் மேட்சு. ஆனா மேடையும் சேரும் போட்டாச்சு, எங்க ஆட? அதனால பிள்ளைகள ஜெர்சியோட கம்பளத்துக்கு ரெண்டு பக்கமும் நிப்பாட்டிப் பூத் தூவச் சொன்னாவ. பூட்ஸக் கழட்டி வச்சிட்டுத்தான் நிக்கணும்னு நான் சொல்லிட்டேன். அமைச்சர் ஒரு பந்தை உதைச்சாரு. அது உருண்டு போயி மேடைப் படியில முட்டி நின்னுச்சு. எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாவ. அம்புட்டுதான், கால்பந்து தொடங்கியாச்சு. மாரிச்செல்வி மட்டும் கையில பூவ வச்சுக்கிட்டே அந்தப் பந்தையே பாத்துக்கிட்டு நின்னா. தூவு தாயின்னு நாந்தான் முழங்கையால இடிச்சேன்.

விழா முடிஞ்சு பந்தல் பிரிக்க ஒரு வாரம் ஆயிட்டு. பிரிச்சுப் பாத்தா, கம்பளம் கெடந்த இடம், மேடை இருந்த இடம் எல்லாம் கொஞ்சம் மஞ்சப் பூத்திருந்துச்சு. அண்டா வச்ச இடம் வட்டமாக் கருகிக் கெடந்துச்சு. அது இயற்கை. புல்லுன்னா பழுக்கத்தான செய்யும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் மட்டும் இருந்துச்சு, அந்தப் பிள்ளைக பூத் தூவுறப்ப கால மாத்தி மாத்தி வச்சு நின்னுச்சுவ. ஒரே இடத்துல நிக்கத் தெரியல. அதான் வேரு ஆடிப் போச்சு.

இப்பத்தான் விசயமே வருது. அந்தப் பிள்ளைக மாவட்டத்துல ஜெயிச்சு மண்டலத்துக்கு வந்துட்டுதுவ. மண்டலத்துல ஒரே மேட்சு. ஜெயிச்சா அந்த டீமுலேருந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆளு எடுப்பாவ. சாப்பாடு, படிப்பு, எல்லாம் அவிய பொறுப்பு. மேட்ச நம்ம ஸ்டேடியத்துல வைக்கலாம்னு ஒரு பேச்சு. ஆனா பந்தாட்டச் சங்கத்துலேருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கிரவுண்டப் பாத்து சரின்னு சொல்லணும். சரியில்லன்னா மதுரைக்கு மாத்திருவாவ.

டீச்சர் எங்கிட்ட வந்து அழுதே போட்டாவ. ‘அண்ணாச்சி, மதுரைக்குன்னா ஒரு வீட்டுலயும் பிள்ளைய அனுப்ப மாட்டாவ. ராத்தங்கணும்லா. மாரிச்செல்விக்கு இதான் கடைசி வருஷம். இத விட்டா அவுக அப்பா தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிருவாரு, பேசி முடிச்சாச்சு. எப்பிடியாவது கிரவுண்டு பாஸாகணும்.’ எனக்கும் பாஸாகணும் தம்பி. நான் வளத்த புல்லு பெயிலுன்னு ஒருத்தன் சொல்லிட்டா நான் இந்த ஊருல தலை நிமிந்து நடக்க முடியுமா? கவலைப்படாதிய டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்னு வாக்குக் குடுத்தேன்.

நாளு கிட்டக்க வந்துட்டு. மஞ்சள் போக மாட்டேங்கு. தண்ணி விட்டாச்சு, உரம் விட்டாச்சு, போர்டுக்குச் சந்தனம் குங்குமம்கூட வச்சாச்சு. அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. பாய் நெய்யுத ஒருத்தரு எனக்குச் சேக்காளி. கோரைக்கு ஏத்துத பச்சைச் சாயம் அவருகிட்ட டப்பா டப்பாவா இருக்கும். பூங்காவுக்குப் பெரிய ஆளுக வந்தா முந்தியே நான் அப்பிடி ஓரஞ்சாரத்துல கொஞ்சம் தெளிச்சு விடுததுதான். கோரையும் புல்லுதான, அருகும் புல்லுதான? ராஜமன்னார் சார்ட்ட சொன்னேன். அவரு வேற பக்கம் திரும்பிக்கிட்டு, ‘எனக்கு எதுவும் தெரியாது, நல்லா அடிங்க’ன்னாரு.

கரைச்சு, மருந்தடிக்க மிஷினுல ஊத்தி அடிச்சேன் பாருங்க. யம்மா! பச்சைன்னா பச்சை, கிளிப்பச்சை. ஒரிஜினல் புல்லே வெக்கப்பட்டுப் போச்சு. அது மங்கலாத் தெரியுதேன்னு அதுக்கும் சேத்து அடிச்சேன். மைதானம் முழுக்க ஒரே பச்சை.

இன்ஸ்பெக்டர் வந்தாரு. கீழ இறங்கிப் பாக்கணும்னாரு. சார், நீங்க ஆரா வேணா இருங்க, பூட்ஸுக் காலோட விட மாட்டேன்னு போர்டக் காட்டுனேன். மனுசன் அசந்துட்டாரு. ‘இம்புட்டு அக்கறையா ஒரு ஆள நான் எந்த ஸ்டேடியத்துலயும் பாத்ததில்ல’ன்னு கேலரியிலேருந்தே பாத்துட்டு, பாஸு போட்டுட்டுப் போயிட்டாரு. டீச்சர் எனக்கு ஒரு கேக்கு வாங்கிக் குடுத்தாவ. அந்தப் பிள்ளைக என்னச் சுத்தி நின்னு குதிச்சுதுவ. சிமெண்டுத் தரையிலதான் குதிச்சுதுவ, அத நான் கவனிச்சுக்கிட்டேன்.

மேட்சு அன்னைக்குக் காலையில லேசாத் தூத்தல். எதுத்து ஆட வந்தது நல்ல நல்ல புல்லுல ஆடிப் பழகுன டீமு. மஞ்சச் சட்டை. நம்ம பிள்ளைக வெள்ளைச் சட்டை. நம்ம பிள்ளைகளுக்குப் புல்லுல ஆடத் தெரியல தம்பி. பந்து வர முந்தி கால வைக்குதுவ, வழுக்கி விழுதுவ. சரளையில பந்து விருட்டுன்னு ஓடும்லா, புல்லுல மெதுவாத்தான வரும். கடகடன்னு ரெண்டு கோலு வாங்கிட்டுதுவ. எனக்கு அழுகை அழுகையா வருது. ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு கத்தப் புல்லு பேந்துக்கிட்டு வருதே!

அப்பத்தான் ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சுது. என்னன்னு பாத்தா, வெள்ளைச் சட்டையும் பச்சை, மஞ்சச் சட்டையும் பச்சை. மூஞ்சி பச்சை, கை பச்சை, சாக்ஸு பச்சை, பந்து பச்சை. எவ எந்த டீமுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ஒரு மஞ்சச் சட்டைப் பிள்ளை நம்ம பிள்ளைக்குப் பாஸு குடுக்கா. ரெஃப்ரி விசில வாயில வச்சுக்கிட்டு முழிக்காரு, அவரு விசிலும் பச்சை. பாதி ஆட்டத்துல ராஜமன்னார் சார் முக்கியஸ்தரா இறங்கி வந்து ஒவ்வொரு பிள்ளைக்கா கை குடுத்தாரு. பொறவு வேர்வையத் துடைச்சாரு பாருங்க, ரெண்டு கையாலயும், நெத்தியிலேருந்து நாடி வரைக்கும். பேப்பர்காரன் கலர்ல எடுத்துட்டான்.

சங்கத்து ஆளுக ஒரே சத்தம். இந்தக் கிரவுண்டுல இனி ஆடப்பிடாதுங்காவ. வந்த டீமுக்கு சாயங்காலம் ரயிலு. இன்னைக்கே முடிக்கணும், இல்லன்னா ரெண்டு கோலு முந்தியிருக்கவளுக்கே வெற்றின்னு எழுதிருவோம்ங்காவ. மாரிச்செல்வி கேலரியவே பாக்கா. அவ அப்பா கேலரியிலேருந்து எந்திரிச்சு, ‘செரி, வா போவோம்’ங்காரு. அப்ப ஜெபக்கனி டீச்சர் கத்துனாவ பாருங்க, அவிய அப்பிடிக் கத்தி நான் கேட்டதில்ல. ‘பின்னால பொட்டல் இருக்குல்லா! அதுல ஆடி முடிப்போம்! எங்க பிள்ளைக ரெடி!’ வந்த டீமு மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாரு. ரெண்டு கோலு கையில இருக்குல்லா.

சட்டைதான் ஒரே கலரு. டீச்சர் என்ன பண்ணுனாவ, நம்ம பிள்ளைக சடையில கெடந்த சிவப்பு ரிப்பன எல்லாம் அவுத்துக் கையில கட்டி விட்டுட்டாவ. தலைமுடி பரட்டையாக் கெடக்கு, மூஞ்சி பச்சையாக் கெடக்கு, பாக்கவே பயமா இருந்துச்சு. பச்சைப் பந்து வழுக்குதுன்னு வேற பந்து கேட்டாவ. நாந்தான் ஓடிப் போயி ஸ்டோர் ரூம்லேருந்து ஒண்ணு எடுத்தாந்து குடுத்தேன். மாரிச்செல்வி அத வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, ‘இது எங்க பந்துலா’ன்னா. அவளுகளுக்குப் பழகுன பந்தப் பாத்து எடுத்தாந்த புண்ணியம் எனக்குத்தான்.

பொறவு என்னத்தச் சொல்ல! அந்தச் சரளையில ஒவ்வொரு கல்லும் நம்ம பிள்ளைகளுக்குப் பேரு தெரியும் போல. வந்த பிள்ளைக ஆணி வச்ச பூட்ஸோட பொட்டல்ல கால் வச்சுச்சுவளோ இல்லையோ, வழுக்கி வழுக்கி உக்காருதுவ. நம்மாளுக விழுந்தா எந்திரிக்கதுவ, விழுந்தா எந்திரிக்கதுவ. முதல் கோலு, ரெண்டாவது கோலு. கடைசியில மூலையிலேருந்து மாரிச்செல்வி ஒண்ணு அடிச்சா. எய்யா, அது வளைஞ்சிட்டு தம்பி! அவ சொன்ன மாதிரியே வளைஞ்சு உள்ள போயிட்டு. ஊரே பொட்டலுக்குள்ள இறங்கிட்டு. அவ அப்பா அவளத் தோளுல தூக்கிக்கிட்டு ஆடுதாரு. எனக்கும் கண்ணு கலங்கிட்டு. எதுக்குப் பொய் சொல்லணும்.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் ஒரு வருஷமும் அந்தப் பிள்ளைகள உள்ள விட்டிருந்தா அதுக பொட்டல்ல பழகியிருக்குமா? பொட்டல்ல பழகலன்னா ஜெயிச்சிருக்குமா? நான் சாயம் அடிக்கலன்னா மேட்சு பொட்டலுக்கு வந்திருக்குமா? ஆதியிலேருந்து அந்தம் வரைக்கும் யாரால ஜெயிச்சுது? ஒருத்தர் வாயால ஒரு நன்றி வரல.

ஆட்டம் முடிஞ்சதும் மாரிச்செல்வி எங்கிட்ட ஓடியாந்தா. முட்டி ரெண்டும் கிழிஞ்சு ரத்தம் வழியுது. மூச்சு வாங்குது. ‘தாத்தா, ஜெயிச்சிட்டோம்லா, இனிமேலாவது எங்கள உள்ள விடுவியளா’ன்னு கேட்டா. ரத்தம் உப்புலா தாயி, பட்டா புல்லு கருகிரும், போயிக் கழுவிட்டு வா, பேசிக்கிடுவோம்னேன். கழுவப் போனவ திரும்பி வரல. அது ஒண்ணுதான் தம்பி இன்னைக்கும் நெஞ்சுல கெடந்து உறுத்துது. வந்திருந்தாள்னா ஓரமா ஒரு நடை விட்டிருப்பேன். ஓரமாத்தான், கோட்டுக்கு வெளிய.

மறுநாள் பேப்பர்ல ராஜமன்னார் சார் பச்சை மூஞ்சியோட பாதிப் பக்கத்துக்கு வந்துட்டாரு. வந்ததும் என்ன வீட்டுல உக்கார வச்சுட்டாவ, ஆறு மாசம் கழிச்சு இப்பத்தான் மாறுதல். எங்கன்னு கேளுங்க. மின் மயானம். சிரிக்காதிய. அங்கயும் தோட்டம் போட்டிருக்காவளாம், புல்லு நல்லா இருக்காம். நானும் யோசிச்சுப் பாத்தேன், ஒரு வகையில நிம்மதிதான். அங்க வாரவர் எவரும் நடந்து வாரதில்ல. ஆனா அவரத் தூக்கிட்டு வாரவனுவ இருக்கானுவள்லா, கண்ண மூடிக்கிட்டு அழுதுகிட்டே குறுக்க மிதிச்சுட்டுப் போவானுவ. அதுக்குத்தான் போர்டக் கையோட கொண்டு போறேன்.

இங்க இப்ப சாவி ஜெபக்கனி டீச்சர் கையில. பிள்ளைகளே தண்ணி பாய்ச்சுதாம், பிள்ளைகளே உருளை உருட்டுதாம், காலையிலயும் சாயங்காலமும் அதுலயே கெடந்து ஆடுதாம். பெங்களூர்ப் பையன் வந்து பாத்துட்டுக் கை குடுத்துட்டுப் போனானாம். எங் காதுல விழுந்துச்சு, நான் ஒண்ணும் விசாரிக்கல. இந்நேரம் கட்டாந்தரையா ஆயிருக்கும். அதான் நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேங்கேன்.

இந்தா, கத்துதானுவ. ‘மாரி மாரி’ன்னுதான கத்துதானுவ? ஹாஸ்டல்லேருந்து ஆட வந்திருக்கா போல.

ரயிலு போயிட்டு. கேட்டத் தூக்குதான் பாருங்க. தம்பி... ஒண்ணு செய்வியளா? ரோடு இங்கன மேடுதான், எந்திரிச்சு நின்னா ஜன்னல் வழியாவே செவருக்கு அந்தப் பக்கம் தெரியும். எனக்காக ஒருக்கா எட்டிப் பாத்துச் சொல்லுங்க. நடுவுல சொட்டையா இருக்கா? கோலுக்கு முன்னால செம்மண்ணு தெரியுதா?

இல்லையா? நல்லாப் பாருங்க. பச்சையா இருக்கா? முழுசுமா? பிள்ளைக மிதிச்சுக்கிட்டுத்தான இருக்கு? மிதிக்கதுவ, ஆனாலும் பச்சையா இருக்குங்கிய. நான் பாத்த பச்சையவிட நல்ல பச்சையா?

உக்காருங்க, உக்காருங்க, பஸ்ஸு கிளம்பிட்டு. எனக்குத் தெரியும் தம்பி. எவனோ சாயம் அடிச்சிருக்கான்.